சாட்சி சொல்ல வந்தவன்

கணவனின் இடது கட்டைவிரல் துடிப்பதை முதலில் பார்த்தபோது, மின்விசிறிக் காற்றில் வேட்டி நுனி ஆடுகிறது என்றுதான் வெண்மதி நினைத்தாள். மறுபடி பார்த்தாள். துடித்தது விரல்தான்.

திண்டிவனம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அன்று ஊட்டச்சத்துப் பவுடர் கம்பெனியின் கூட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் மைக்கைப் பிடித்து, பவுடர் குடித்ததில் மூட்டுவலி போயிற்று, சர்க்கரை இறங்கிற்று என்று சாட்சி சொன்னார்கள். சொல்லி முடிக்குமுன் கைதட்டல் கிளம்பியது. கடைசிச் சாட்சி அவள் புருஷன் தேவேந்திரன். மேடையில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

மேல்மலையனூர் ரோட்டில் பைக் சறுக்கித் தலை அடிபட்டவன். புதுச்சேரியில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வெண்மதியிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். வலிப்பு மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. தவறி வலிப்பு வந்தால் தேறியதெல்லாம் திரும்பப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலை டிபனுக்குப் பிறகு தினம் அந்த ஒரு மாத்திரை. ஆனால் வெண்மதியை ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி பஸ் விடியுமுன்பே வந்துவிடும். அதனால் டிபன், மாத்திரை எல்லாம், லீவு நாளிலும்கூட, கொழுந்தன் வளவன் பொறுப்பு. அண்ணன் கண்விழிக்கும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவன் அவன். மூளை நரம்புக்கு என்று பெரிய டப்பாவில் சத்துப் பவுடரும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொண்டுவந்தபோது, நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். பவுடரைக் கலக்கி, அண்ணன் குடித்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பான்.

இப்போது மைக் வளவன் கையில்.

"எங்க நைனா செத்தப்பகூட நான் அழல. அண்ணன் தலைல கட்டோட படுத்திருந்தப்ப அழுதேன். இன்னைக்குப் பாருங்க, நிக்குது. இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்தியாச்சு. பவுடர் மட்டும்தான்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். வெண்மதி எழுந்து மேடையேறினாள்.

"எந்த மாத்திரைய நிறுத்துன?"

அவன் மைக்கைப் பொத்திக்கொண்டான். "வூட்ல பேசிக்கலாம் அண்ணி."

"ஃபிட்ஸ் மாத்திரையா?"

"அது சூடு அண்ணி. ரெண்டும் சேந்தா சத்து ஒடம்புல ஒட்டாதுன்னு பவுடர் கம்பெனி சீனியர் சொன்னாரு. நீ டென்ஷன் ஆவன்னுதான் சொல்லல."

அட்டையில் மாத்திரை தினம் குறைந்துகொண்டுதானே வந்தது? பிதுக்கி எறிந்திருக்கிறான். அவள் வாயைத் திறப்பதற்குள் தடி உருண்டது. தேவேந்திரனின் கை இழுத்தது, கழுத்து திரும்பியது, ஆள் சரிந்தான். தலை தரையில் படாமல் தாங்கியது பாய்ந்து மண்டியிட்ட அவள் மடிதான்.

ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே. நர்ஸ் சொல்லித் தந்ததை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவனைப் புரட்டினாள். கூட்டம் மேடையை மொய்த்தது. இரும்பு கொடுங்கள் என்று யாரோ கத்த, சாவிக்கொத்தொன்று அவன் கைக்குள் திணிக்கப்பட்டது. இருந்துவிட்டுப் போகட்டும், அவள் காவல் காத்தது வாயைத்தான்.

சீனியர் ராஜாராம் பவுடர் கரைத்த டம்ளரோடு வந்தார். ரெண்டு மடக்கு உள்ளே போனால் நின்றுவிடும் என்றார். அதை வாங்கிக்கொண்டு வளவன் மண்டியிட்டான். முகமெல்லாம் கண்ணீர்.

"ஊத்தாத. மூச்சுக்குழாய்க்குப் போச்சுன்னா செத்துடுவாருடா."

"கொஞ்சூண்டு அண்ணி. இதுலதான அண்ணன் எழுந்துச்சு."

டம்ளர் உதட்டருகே வந்தது. ஓங்கி அடித்தாள். வெள்ளைக் கரைசல் சமுக்காளத்தில் சிதறியது. வளவன் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்குடா அவர," என்றாள்.

வாசலில் நின்ற காரில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். வலிப்பு நிற்பதாயில்லை. உதடு நீலம் பாரித்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் உடம்பு மெல்லத் தளர்ந்தது. மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை.

கடைசியாக வலிப்பு மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அதை வைத்துத்தான் அடுத்த மருந்தை முடிவு செய்ய வேண்டும் என்றார். வெண்மதிக்கு விடை தெரியாது. வளவனைப் பார்த்தாள். பின்னாலேயே வந்திருந்த ராஜாராம், கதவோரத்திலிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வளவன் அண்ணன் கிடந்த கட்டிலைப் பார்த்தான்.

"சொல்லுடா. ஒங்க அண்ணன் உசுரு."

"போன வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம சார். நாந்தான் நிறுத்துனேன். பவுடரும் மீன் எண்ணெயும் குடுத்தேன்."

கதவோரம் காலியாகிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. காயம்பட்ட மூளைக்குச் சத்து வேண்டியதுதான், முட்டை, பருப்பு, மீன் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள் என்றார். ஆனால் எந்தச் சத்தும் வலிப்பைத் தடுக்காது. மூளையில் ரத்தம் கசிந்தவனுக்குக் கேட்காமல் எதையும் கொடுக்கவும் கூடாது. ஸ்கேன் எடுக்கப் புதுச்சேரிக்கே போகவேண்டும் என்று எழுதினார்.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது தேவேந்திரன் கண் திறந்தான். காலையில்கூட "மதி, தண்ணி" என்று கேட்டவன். இப்போது அவளையே உற்றுப் பார்த்தான். உதடு கூடியது, பிரிந்தது.

"ம..." என்றான். அதற்குமேல் வரவில்லை. வெண்மதிக்கு இப்போதைக்கு அது போதும்.

ஆம்புலன்ஸ் பின்கதவருகே வளவன் ஒதுங்கி நின்றான். ஏறுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏறு," என்றாள். "அங்கயும் இதத்தான் கேப்பாங்க. அங்கயும் நீதான் சொல்லணும்."

அவன் ஏறி, அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சைரன் எழுந்தது.