தொட்டிக்குள் கைமாறிய சாவி

கிருமி வளர்க்கும் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தவள், திறக்காமல் அப்படியே நின்றாள். உள்ளே நேற்று அவள் வைத்த மூன்று தட்டுகள் இருந்தன. 'கடவுளே, கிருமி முளைத்திருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொள்ளும் தலையெழுத்து, மருத்துவமனை லேபில் வேலை பார்ப்பவளைத் தவிர வேறு யாருக்கு வாய்க்கும்?

"முளைக்கலைன்னா வார்டுல எனக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றாள் பின்னால் நின்ற நாத்தனார். குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் அவள்.

வார்டில் மூன்று குழந்தைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல். மூன்று பேரின் இரத்தத்திலும் வேறு வேறு கிருமி. ஆனால் வழக்கமான மருந்துக்கு மூன்றுமே அசையவில்லை. பெரிய டாக்டர் போட்ட கணக்கு எளிது: மூன்று கிருமி என்றால் மூன்று அழுக்குக் கை. நர்சுகள் கை கழுவுவதில்லை, தலைமை நர்ஸ் கண்டுகொள்வதில்லை, ஆளை மாற்று. கல்யாணமான புதிதில் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவச் சொல்லி இவள் உயிரை எடுத்த நாத்தனார்மேல் இப்படி ஒரு பழி! அவளைக் குறை சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே சொந்தம் என்று இவள் நினைத்திருந்தாள். டாக்டர் அதில் பங்குக்கு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கிருமி வேறாக இருக்கட்டும், பிடிவாதம் எப்படி ஒன்றாக இருக்கும்? பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி வளையம் இருக்கும். மருந்தை முறிக்கும் வித்தை அதில் இருந்துவிட்டால், ஒட்டி உட்கார்ந்திருக்கும் வேற்று இனத்துக்கும் ஒரு நகல் போய்விடும். தன்னுடையதும் குறையாது. டூப்ளிகேட் சாவி போட்டுத் தெருவுக்கே கொடுப்பது மாதிரி. அப்படியானால் மூன்றும் எங்கோ ஒன்றாகக் குடியிருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்க வார்டின் மூலையில் நின்று பார்த்தாள். அந்தப் பொடிசுகளுக்கு மருந்து ஒரு துளிதான். குப்பியில் மிச்சம் நிறைய. அதைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது என்பது நாத்தனார் போட்ட சட்டம். எனவே நர்சுகள் அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார்கள். புட்டியில் மிஞ்சிய பாலையும் அதிலேயே ஊற்றினார்கள். பிறகு சிரத்தையாகக் கை கழுவினார்கள். குழாய்த் தண்ணீர் நேராகத் தொட்டியின் வடிகால் ஓட்டைக்குள் விழுந்து, பக்கத்தில் குழந்தைகளுக்குப் பால் கலக்கும் மேசைமேல் தெறித்தது.

ஓட்டைக்குள் பஞ்சை விட்டு எடுத்து, லேபில் வளர்த்துப் பார்த்தாள். மூன்று கிருமியும் அங்கே சௌக்கியமாக இருந்தன. ஊற்றிய மருந்து, அதற்கு அடங்கும் சாதுக் கிருமிகளைக் கொன்றது; ஊற்றிய பால், தப்பியவற்றுக்கு விருந்து வைத்தது.

"அப்ப, நான் போட்ட ரூல்தான் காரணமா?" என்றாள் நாத்தனார்.

"யாருக்கு அண்ணி தெரியும்? நானும்தானே வருஷக்கணக்கா அந்தத் தொட்டியைத் தாண்டிப் போறேன்."

போய்ச் சொன்னபோது டாக்டர் மசியவில்லை. "சாக்கடையில எல்லாம்தாம்மா இருக்கும். ஒண்ணு இன்னொண்ணுக்குக் குடுக்குதுன்னு காட்டு."

அதற்குத்தான் இந்தத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மருந்து கலந்திருந்தாள். ஒன்று தொட்டிக் கிருமியை மட்டும் கொல்லும். மற்றது, அந்த வழக்கமான மருந்து, லேபில் வளர்த்த சாதுக் கிருமியை மட்டும் கொல்லும். முதல் தட்டில் தொட்டிக் கிருமி மட்டும், இரண்டாவதில் சாது மட்டும். மூன்றாவதில், முந்தின இரவெல்லாம் ஒரே சோதனைக் குழாயில் சேர்ந்து கிடந்த இரண்டும். சாது சாவி வாங்கியிருந்தால்தான் அதில் எதுவும் பிழைக்கும்.

பெட்டியைத் திறந்தாள். முதல் தட்டு வெறுமை. இரண்டாவதும் வெறுமை. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கினாள். அம்மாடி! தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"அண்ணி!" என்று கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாத்தனார், ஜென்மத்தில் முதல் தடவையாகக் கை கழுவ மறந்து, இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரூல் போட்டது நான்தான் சார். நானே மாத்துறேன்" என்றாள் நாத்தனார், யாரும் கேட்பதற்கு முன்பே. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இங்கேயே இருங்க சிஸ்டர். தொட்டியை உடைக்கச் சொல்றேன்."

உடைத்தார்கள். புதுத் தொட்டியை வார்டின் மறுகோடியில், பால் மேசைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். மிச்ச மருந்தை இனி தொட்டியில் ஊற்றாமல் மூடிய டப்பாவில் சேர்க்க வேண்டும் என்று நாத்தனார் சட்டத்தை மாற்றினாள். நான்காவது குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. வேறு மருந்தில் தேறிய மூவரில் கடைசிக் குட்டி வீட்டுக்குக் கிளம்பிய காலையில், இவள் வார்டு வாசலில் நின்றாள். நாத்தனார் மிச்ச மருந்துக் குப்பியோடு, பழக்கதோஷத்தில், விறுவிறுவென்று பழைய தொட்டி இருந்த இடத்துக்கு நடந்தாள். அங்கே புதுச் சிமெண்டுப் பூச்சு மட்டும் இருந்தது. நீட்டிய கை சுவருக்கு முன்னால் அந்தரத்தில் நிற்க, அவள் திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், தாயின் தோளில், அந்தக் குட்டி வார்டே அதிரும்படி வீறிட்டுக்கொண்டிருந்தது.