சந்தனம் பூசிய வழிகாட்டி

என் பெயர் அடைக்கப்பன். வயது இருபத்திரண்டு. இருப்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தியாகராஜன் முதலாளியின் மின்சாமான் கடை மாடியில். வலது மணிக்கட்டில் கட்டு. அதனால் நான் சொல்லச் சொல்ல, கடைக் கிளார்க் சந்திரகலா அக்கா இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறார். பயப்பட வேண்டாம். விஞ்ஞானத்துக்காகப் பட்ட அடி.

பார்வை இல்லாதவர்கள் கையில் பிடித்து நடக்க ஒரு கருவியை முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். டார்ச்லைட் அளவுதான். நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பும்; எதிரே ஏதாவது இருந்தால் கையில் அதிரும். பார்வையற்றோர் சங்கத்துக்கு அதை வாங்கலாமா என்று முடிவு செய்கிறவர் கந்தையா அங்கிள். பிறவியிலேயே பார்வை இல்லை. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அவரு வேணாம்னுட்டா உன் வேல பெர்மிட்ட புதுப்பிக்க மாட்டேன். நேரா ஊருதான்," என்றார் முதலாளி. மிஷின் வேலை செய்யாவிட்டால் மனுஷனைத் திருப்பி அனுப்புவது இவருடைய வியாபார முறை.

அங்கிள் சோதித்துப் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. ஃபேன், கால்குலேட்டர், லோரி எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்த முதலாளி, இந்தக் கருவிக்கு மட்டும் தாராளமாக, ஒலி வெளியே வரும் கம்பிவலை முழுக்கச் சந்தனம் அப்பினார்.

"மொதலாளி, அது வந்து..."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத லா."

மறுநாள் துடைக்கவும் விடவில்லை. ராசியாம்.

காலையில் அங்கிள் வந்தார். "குச்சிய இங்கயே வச்சிடுங்க அங்கிள். இனிமே அது எதுக்கு?" என்று முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அங்கிள் கடைவரிசை நடைபாதையில் நடந்தார். கருவி பக்தியோடு மௌனம் காத்தது. நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் அவர் நேராகப் போய் மோதினார். பிடிக்க ஓடிய என் கைமேல் அந்த வண்டி சாய்ந்தது.

அங்கிள் முழங்காலைத் தடவிவிட்டுக் கருவியை முகர்ந்து பார்த்தார்.

"தியாகராஜன், இது என்ன மிஷினோ, மூலஸ்தானமோ?"

துடைத்ததும் அதிர்ந்தது. தூணுக்கு, பூக்கடைக்கு, பூக்கடைக்கார அக்காவுக்கு. முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்கும் மூச்சு வந்தது. மூடியில்லாத சாக்கடை வந்தபோது மட்டும் கருவி அசையவில்லை. இடது கையால் அங்கிள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சாக்கட கீழ இருக்கு அங்கிள். மிஷின் நேராத்தான் பாக்கும்," என்றார் முதலாளி.

"நான் விழுறதும் கீழதானே." அங்கிள் கருவியை முதலாளி கையில் கொடுத்தார். "சரி, நாலு மிஷின் எடுக்கிறம். ஆனா இந்தத் தம்பியும் கூட வரவேணும்."

"எத்தன நாளைக்கு அங்கிள்?" என்று முதலாளி கேட்டார்.

"சாக்கடையெல்லாத்துக்கும் மூடி போடுற வரைக்கும்."

முதலாளி அன்றைக்கே பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். 'இனி துணை தேவையில்லை' என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போவது நான்.

இந்தக் கடிதத்தை ஊரில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறவர், நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். பெர்மிட் கிடைத்துவிட்டது, எலக்ட்ரானிக்ஸ் வேலை என்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள்.