வெயிலில் நனையும் சுவர்

மழை வந்தால் ஒழுகுகிற வீட்டை யார்தான் பார்த்ததில்லை? துருவியின் அக்கா வீட்டுப் படுக்கையறைச் சுவர் அந்த ரகம் இல்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது சமர்த்தாகக் காய்ந்து கிடக்கும். மழை விட்டு, வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்குத் தன் வேலை ஞாபகம் வரும். முதலில் மேல்தளத்தை ஒட்டி ஓர் ஈரக்கோடு தெரியும். மத்தியானத்துக்குள் அந்தக் கோடு இறங்கி இறங்கி அலமாரியின் முதுகு வரை வந்துவிடும். பெயிண்ட் உப்பிக்கொண்டு, விரலால் தொட்டால் பொலபொலவென்று கொட்டும்.

அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தைக்க வந்த துணிகளை அந்த அலமாரியில்தான் வைத்திருந்தாள். இரண்டு முறை பூஞ்சை பிடித்து, ஊரார் துணிக்குப் பதில் சொல்லி ஓய்ந்து, இப்போது எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

அத்தான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்தக் கணக்கையும் படிப்படியாகப் போட வேண்டும் என்று பிள்ளைகளைப் பிடுங்கி எடுப்பவர், இந்தக் கணக்குக்கு மட்டும் முதல் வரியிலேயே விடை எழுதிவிட்டார். மேஸ்திரி ஏமாற்றிவிட்டார், அவ்வளவுதான். வீடு கட்டிய மேஸ்திரி இரண்டு வருஷத்தில் நான்கு தடவை வந்தார். மாடியில் கசிவைத் தடுக்கும் பூச்சு பூசினார், சுவரைச் சுரண்டி மறுபடி பூசினார், அத்தான் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு மறுநாள் வெயில் அடித்தது. சுவர் நனைந்தது.

அக்காவின் தங்கை துருவியைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டட இன்ஜினீயரிடம், வீடு கட்டப் படம் வரைகிற வேலை. துருவி என்பது வீட்டில் வைத்த பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்டதால் வந்த பெயர். ஊசி போட வந்த நர்ஸிடம், மருந்து முதலில் மேலே போகுமா கீழே போகுமா என்று கேட்டு, அந்த அம்மாள் ஊசியைக் கையில் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்ற கதை குடும்பத்தில் பிரசித்தம். அக்கா வீட்டுக்குப் படம் போட்டதும் துருவிதான். யார் துணையும் இல்லாமல் அவள் தனியாகப் போட்ட முதல் படம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பும் நேரத்தில் இன்ஜினீயர் கூப்பிட்டார்.

"புது லைப்ரரி கட்டற வேலைக்கு ஆள் பாக்கறோம். உங்க அக்கா வீட்டு மேஸ்திரி பேருதான் முதல்ல இருக்கு. ஆனா அந்த வீடே ஒழுகுதுன்னு உங்க அத்தான் போன்ல பொரிஞ்சு தள்ளிட்டார். நாளைக்குள்ள நீ பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு."

மேஸ்திரிக்கும் அவரோடு இருக்கும் பதினாறு பேருக்கும் அது எட்டு மாத வேலை. துருவிக்கு அது தெரியும். ஆனாலும் வீடு திரும்பும்போது அவள் மனசைக் குடைந்தது வேறு கேள்வி. ஏன் வெயிலில்?

சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலையில் கண் கூசும் வெயில். துருவி வந்து சேர்ந்தபோது சுவரில் கோடு விழுந்திருந்தது.

"வந்துட்டியா? பாத்துக்க, சொன்ன நேரத்துக்கு ஆஜராயிடுச்சு," என்றாள் அக்கா.

துருவி மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர் வெளியேறும் குழாய் சமையலறைக்கு மேலே, வலது மூலையில் இருந்தது. குனிந்து பார்த்தாள். குழாயின் வாயில் சிலந்தி வலை. பழைய வலை. அதில் இரண்டு ஈ காய்ந்து தொங்கின. நேற்று ராத்திரி முழுக்கப் பெய்த மழை இந்த வழியாகப் போயிருந்தால் சிலந்தி எப்படிக் குடித்தனம் நடத்தும்? அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவளுக்கு ஒன்று பிடிபடப்போகிறது என்றால் அப்படித்தான் ஆகும்.

எதிர் மூலைக்கு ஓடினாள். அது படுக்கையறைக்கு மேல். அங்கே குட்டைச் செங்கல் தூண்கள் மேல் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தரை காய்ந்துதான் இருந்தது. தரையோடு தரையாகப் படுத்துத் தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். நான்கு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தொலைத்த பந்து ஒன்று மிதந்தது.

பந்தை எடுத்துத் துடைத்து, மாடியின் நடுவில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பந்து தொட்டியை நோக்கிப் புறப்பட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி தொட்டிக்கே போனது. குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பெரிய மனுஷன் நடை பழகுவது மாதிரி நிதானமாக மாடி முழுக்க உருண்டு தொட்டிக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. பத்துப் பதினைந்து தடவை வைத்துப் பார்த்திருப்பாள். அதில் பத்து தடவை தேவையே இல்லை, அவளுக்கு விட மனசில்லை.

கீழே வந்தபோது முழங்கையெல்லாம் பாசி.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! குழாய் ஒரு மூலையில, சரிவு இன்னொரு மூலைக்கு. மழைத் தண்ணி பூராவும் தொட்டிக்கு அடியில போய் நிக்குது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருற இடத்துல மெதுவா உள்ள எறங்குது. தளம் ராத்திரி குடிச்ச தண்ணி சிமெண்டுக்குள்ள ஊர்ந்து கீழ வர்றதுக்குள்ள விடிஞ்சுடுது. அதான் வெயில்ல நனையுது!"

"அப்ப மேஸ்திரி சரிவைத் தலைகீழாப் போட்டுட்டார்," என்றார் அத்தான். விடை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவர் என்பதால் ஒரு திருப்தி. "நான் சொன்னப்ப யார் கேட்டீங்க? வரச் சொல்றேன் அவரை."

மேஸ்திரி மத்தியானம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. திட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்தே வந்தவர், உட்காரச் சொன்னதும் ஒரு நிமிஷம் தயங்கினார். அத்தான் பந்து உருண்ட கதையைத் தானே உருட்டிப் பார்த்தது போல விஸ்தாரமாகச் சொல்லி முடித்தார்.

"என்ன மேஸ்திரி, இதுக்கு என்ன சொல்றீங்க?"

மேஸ்திரி உறையிலிருந்து படத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து, சிமெண்ட் கறை படிந்த துருவியின் படம். துணி மூட்டையை ஓரமாகத் தள்ளி மேசையில் விரித்து, விரலை ஓர் இடத்தில் வைத்தார். 'சரிவு' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்பு. அம்பு தொட்டி மூலையைக் காட்டியது.

"படத்துல இருந்துச்சுன்னா? படத்துல கிணத்துல குதின்னு போட்டிருந்தா குதிப்பீங்களா?" என்றார் அத்தான். "தண்ணி குழாய்க்குத்தான் போகணும்னு கூடவா தெரியாது? அம்பு என்னமோ அச்சுப் பிசகா இருக்கும்."

துருவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் புரியக்கூடிய விஷயம் அது.

படம் போட்ட சமயத்தில், காலை வெயில் சமையலறையில் விழ வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஆபீஸில் இருந்த பழைய படம் ஒன்று எல்லாவிதத்திலும் பொருந்தியது, சமையலறை மட்டும் எதிர்ப்பக்கம். துருவி கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பிப் போட்டாள். அறைகள் திரும்பின, சன்னல்கள் திரும்பின, தண்ணீர்க் குழாய் திரும்பியது. எழுத்துகளும் திரும்பிவிட்டன, ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை. அதனால் எழுத்துகளை மொத்தமாக அழித்துவிட்டு, பழைய படத்திலிருந்த நேரான எழுத்துகளை எடுத்து அந்தந்த இடத்தில் ஒட்டினாள். 'சரிவு' என்ற வார்த்தையும் அதன் அம்பும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும். வீடு முழுக்கத் திரும்பி நின்றது, அம்பு மட்டும் பழைய வீட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

வெட்கம் கெட்ட உண்மையைச் சொல்லிவிடலாம். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அட, இப்படித்தானா என்று உள்ளே ஒன்று துள்ளியது. அதற்குப் பின்னால்தான் மேஸ்திரியின் நினைப்பு வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அத்தான் அச்சுப் பிசகு என்று சொல்லிவிட்டார், மேஸ்திரி வாயே திறக்கவில்லை, இன்ஜினீயர் அவள் வார்த்தைக்குக் காத்திருக்கிறார். பதினாறு பேருடைய எட்டு மாதம் சத்தமே இல்லாமல் வேறு யாருக்கோ போய்விடும்.

"அத்தான், அவர் மேல தப்பில்லை. அம்பு நான் வெச்சது," என்றாள். திருப்பியதையும் ஒட்டியதையும் சொன்னாள். அக்காவுக்குப் பாதி புரிந்தது. அத்தானுக்கு முழுசாகப் புரிந்து, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் மேஸ்திரி, குழாய் ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம் இருக்கேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றாள் அக்கா.

"தோணிச்சும்மா. போன் பண்ணிக் கேட்டேன்." மேஸ்திரி துருவியைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சியம்மா பஸ்ஸுல இருந்தாங்க. 'படத்துல இருக்கறபடியே போடுங்க, எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்'னு சொன்னாங்க."

துருவிக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, கூட்டம், போனில் மேஸ்திரியின் குரல். அவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஊரையெல்லாம் கேள்வி கேட்டுக் குடைகிறவள், தன்னிடம் வந்த ஒரே ஒரு கேள்வியைக் காதில் வாங்கவில்லை. அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு தடவை வந்தீங்களே, ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"சாரு பேச விட்டாத்தானே," என்று மேஸ்திரி அத்தானைக் கண்ணால் காட்டினார். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். "அதும் இல்லாம, நான் படத்தைக் கை காட்டினா என்ன ஆகும்? அக்கா தங்கச்சிக்குள்ள நான் எதுக்கு மூட்டி விடணும்? பூச்சிலேயே நின்னுடும்னு பாத்தேன். நிக்கல."

அத்தான் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே, "தண்ணி குடிக்கிறீங்களா மேஸ்திரி?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் அந்த மனிதரிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி.

"தளத்தை உடைக்க வேணாம் சார்," என்றார் மேஸ்திரி. "தொட்டியை இந்தப் பக்கம் நகத்திட்டு, அந்த மூலையிலேயே சுவத்துல ஓட்டை போட்டு ஒரு குழாய் எறக்கிட்டாப் போதும். ரெண்டு நாள் வேலை."

துருவி தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அங்கேயே இன்ஜினீயருக்கு போன் போட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"லைப்ரரிக்கு மேஸ்திரியை நாளைக்கே வரச் சொல்லு," என்றார் அவர். "நீயும் வா. இனிமே உன் படம் எதுவும் நான் பாக்காம வெளிய போகாது. சரி, இந்தத் திருப்பின படத்தை வேற யாருக்காவது குடுத்தியா?"

"மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு, சார். அடுத்த தெருவுல."

"அது ஒழுகுதா?"

"யாரும் எதும் சொல்லலையே சார்..."

"சொல்லலைன்னா? போய்ப் பாரு."

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதே படம், அதே குழாய், அதே அம்பு. அந்த வீட்டுக்கு அவள் போன வாரம்கூடப் போயிருந்தாள். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. எப்படி? காது மடல் மறுபடி சூடாகத் தொடங்கியது.

"மேஸ்திரி, மருந்துக்கடைக்காரர் வீட்டையும் நீங்கதானே கட்டினீங்க?"

"ஆமாம்மா. இதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு."

"அந்தப் படத்துலயும் அம்பு தப்பாத்தானே இருந்துச்சு?"

"இதே அம்புதான்."

"அப்புறம் அது மட்டும் ஏன் ஒழுகல?"

மேஸ்திரி படத்தை மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அக்காவை ஒரு தரம் பார்த்தார்.

"அங்க நான் உங்களுக்கு போன் பண்ணலைம்மா," என்றார்.