ஏலியாம்மாவின் இரண்டாம் புறப்பாடு

ஏலியாம்மச் சேட்டத்தி குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது மகனை அடக்கம் செய்யத்தான். அதற்கு முன் வந்ததெல்லாம் விடுமுறைக்கு.

அவர் என் அண்ணி. அண்ணன் குரியாக்கோஸை வீட்டில் எல்லோரும் அச்சாயன் என்போம். மகன் ஜெபின் தவழ ஆரம்பித்திருந்தபோது சேட்டத்திக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அச்சாயன் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு, விடிகாலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். எங்கள் ரான்னியில் ஓர் ஆண்பிள்ளை இடுப்பில் குழந்தையோடு நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? சாயாக்கடையில் அவருக்கு 'குவைத்து ஆயா' என்று பெயர் வைத்தார்கள். "ஆமாடா, உன் பிள்ளையையும் கொண்டாந்து விடு. ரெண்டையும் சேத்துக் குளிப்பாட்டறேன்" என்பார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

விடுமுறை முடிந்து சேட்டத்தியை நெடும்பாசேரி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது எப்போதும் என் ஜீப்தான். சின்னப் பையனாக இருந்தபோது ஜெபின் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது என் வேலை. பெரிய கிளாஸ் போனதும் அவன் விமான நிலையத்துக்கு வருவதில்லை. கேட் பக்கம் நின்று கை காட்டிவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விடுவான். சேட்டத்தி மூவாற்றுப்புழை தாண்டும்வரை பேசமாட்டார். பிறகு, அவன் உயரமாகிவிட்டான் இல்லையா என்று கேட்பார்.

என்ஜினீயரிங் படிக்கும்போது மழையில் பைக் சறுக்கி இறந்தான். சேட்டத்தி மறுநாள் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் கிடந்தவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அழவில்லை. அச்சாயன்தான் கல்லறையில் விழுந்து புரண்டார். திரும்பும் வழியில் சேட்டத்தி அழாததைப் பற்றிப் பெண்கள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அதன்பின் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். தன் சம்பளத்தில் கட்டிய வீடு, ஆனால் உப்பு எடுக்க எல்லா டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அச்சாயன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மகனைப் பற்றிச் சொல்வார். கப்பைக்கிழங்கின்மேல் மீன்குழம்பை ஊற்றினால் தொடமாட்டான், தனியாக வைக்க வேண்டும். இடி இடித்தால் பத்தாம் கிளாஸ் படிக்கும்போதுகூட அச்சாயன் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வான். இப்படி. சேட்டத்தி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நோயாளியின் சொந்தக்காரர் சொல்வதை நர்ஸ் கேட்டுக்கொள்வதுபோல இருக்கும் அது.

ஓராண்டு நினைவுப் பிரார்த்தனை முடிந்த சில நாட்களில், தெற்கு சூடானுக்குப் போகப்போவதாகச் சொன்னார். சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் முகாமில், பட்டினியால் வற்றிப்போன குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி. சம்பளம் கிடையாது, தொண்டு.

சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். சாயாக்கடையில் வேறு பேச்சு. சம்பாதிக்கப் போவது புரிகிறது, சும்மா வேலை செய்ய கோட்டயத்தில் ஆஸ்பத்திரி இல்லையா என்றார்கள். அச்சாயன் சேட்டத்தியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

புறப்படும் நாள் காலையில் நான் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அச்சாயன் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொட்டகையிலிருந்து வந்தார். கையெல்லாம் பால் பிசுக்கு.

"அன்னிக்குப் பையனுக்காகப் போறேன்னே. சரின்னேன். வீடு கட்டணும்னே, அதுக்கும் சரின்னேன். இப்ப யாருக்காகடீ போற?"

"யாருக்காகவும் இல்ல அச்சாயா."

"பின்ன நான் யாரு? நீ எப்ப வருவேன்னு உக்காந்தே கிழவனாயிட்டேன். அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணையாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது." சேட்டத்தி முந்தானையால் அவருடைய கையைத் துடைத்துவிட ஆரம்பித்தார். ரப்பர் பால் அப்படியெல்லாம் போகாது, ஆனாலும் துடைத்தார். "ஏன் தெரியலைன்னு அங்க யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. இங்க அப்படி இல்ல. நீங்க அழறீங்க அச்சாயா. அழறதுக்கு உங்ககிட்ட அவன் இருக்கான். கப்பை இருக்கு, இடி இருக்கு. எங்கிட்ட என்ன இருக்கு? விமான டிக்கெட்டுதான் இருக்கு. எம்பிள்ளைக்கு அழ எனக்கு ஒண்ணுமே இல்ல."

அச்சாயன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நான் சொல்லச் சொல்ல உனக்கும் கிடைச்சிடும்னு நெனச்சேன்" என்றார்.

"கிடைக்கல. நீங்க சொல்லச் சொல்ல அவன் இன்னும் உங்க பிள்ளையா ஆயிட்டே போறான்."

நான் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றேன்.

அச்சாயன் சட்டைகூட மாற்றாமல், கைலியோடு வந்து பின்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் மழை. விமான நிலைய வாசலில், இரவில் நெஞ்சு எரிந்தால் அலட்சியமாக இருக்கவேண்டாம் என்று சேட்டத்தி சொன்னார். சரி என்றார் அச்சாயன். சேட்டத்தி உள்ளே போனபின் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவருடைய நீலப்புடவை தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு, வண்டியை எடுடா என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ஒழுங்காகக் கேட்காது. சாப்பிட்டீர்களா, மழையா, அவ்வளவுதான் பேச்சு. சில ஞாயிறுகளில் வராது. அந்த நாட்களில் அச்சாயன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பார்.

பலாப்பழம் பழுத்து விழும் சமயம், ஞாயிறு அல்லாத ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. நான் ரப்பர் ஷீட்டை வண்டியில் ஏற்ற வந்திருந்தேன். அச்சாயன் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனிலிருந்து வந்த சத்தம் எனக்கும் கேட்டது. யாரோ பெண் கதறுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சேட்டத்தியின் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

அவர் பல வாரங்களாக ஊட்டித் தேற்றிக்கொண்டிருந்த ஓர் ஆண் குழந்தையாம். கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பும், விரலால் தொட்டு வைத்தால் சப்பும். தூங்கும்போது அவர் காதைப் பிடித்துக்கொள்ளும். எடை ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வந்த காய்ச்சலில் மடியிலேயே போய்விட்டது. இதையெல்லாம் பிறகு அச்சாயன் எனக்குச் சொன்னார். அப்போது நான் கேட்டது அழுகையைத்தான். அதற்கு நடுவே, "ஜெபினே, என் ஜெபினே" என்று சேட்டத்தி கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

அச்சாயன் படியில் உட்கார்ந்தார்.

"அழு" என்றார். "நான் போனை வெக்கல. நீ அழு."

வெகுநேரம் அப்படியே இருந்தார். அவர் முகமும் நனைந்திருந்தது. பிறகு இணைப்பு தானாகவே அறுந்துவிட்டது.

சேட்டத்தி எப்போது வருகிறாராம் என்று கேட்டேன். அதைக் கேட்கவில்லை என்றார் அச்சாயன். எழுந்துபோய் முகம் கழுவினார். கொட்டகைக்கு வந்து, ஷீட்டுக்கட்டின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார்.