பதிமூன்றாவது டிஸ்க்

ஆயுத பூஜையன்று காலை பதினொன்றரைக்கு, வெளியே மிஷின்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வினோதா, தினமும் நகல் எடுக்கிற பேக்கப் பட்டியலை இரண்டாம் முறை எண்ணினாள். பன்னிரண்டு. ஃபைல் சர்வரில் மாட்டியிருக்கும் டிஸ்க்குகளோ பதிமூன்று. மறுபடி எண்ணினாலும் அதே பன்னிரண்டுதான் வந்தது.

அந்த சர்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தனியாக ஒரு பெட்டியே கிடையாது. பெரிய இயந்திரம் ஒன்றுக்குள் பேருக்கு ஒரு கம்ப்யூட்டராக ஓடுவது, விர்ச்சுவல் என்பார்கள். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் கியர் செய்யும் அந்தக் கம்பெனியின் வரைபடம், ரிப்போர்ட், வருகைப் பதிவு எல்லாம் அதில்தான் இருந்தன. ஆரம்பத்தில் நாலே டிஸ்க். பிறகு குவாலிட்டிக்காரர்கள் தங்களுக்குத் தனியாக ஒன்று வேண்டுமென்றார்கள். கொடுத்ததும் ஸ்டோர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. பங்காளிகள் வரப்பு போட்டுக்கொள்கிற மாதிரி ஆளாளுக்கு ஒன்று கேட்டு வாங்கிப் பதிமூன்றில் வந்து நின்றது. இருக்கிற இடத்தையே பெரிதாக்கித் தருகிறேன் என்று அவள் சொல்லாமல் இல்லை, யார் கேட்கிறார்கள்? பொதுவில் இருந்தால் பக்கத்து செக்சன்காரன் நிரப்பிவிடுவானாம்.

பதிமூன்றாவது, அச்சுகள் செய்யும் டூல் ரூமுடையது. இருப்பதிலேயே பெரியது. பிப்ரவரியில் ஆடிட் வந்தபோது, முதல் ஷிப்ட் தொடங்கியும் பேக்கப் முடியாமல் இழுத்தடித்து எல்லார் கம்ப்யூட்டரும் நத்தையாக ஊர்ந்தன. "டூல் ரூமை ஒரு வாரம் லிஸ்ட்லருந்து எடுத்து வைம்மா, அப்பறம் சேத்துக்கலாம்" என்றார் மேனேஜர் ஆனந்தராஜ். எடுத்து வைத்தாள். ஆடிட் போனது, அதோடு ஞாபகமும் போனது. அன்றிலிருந்து தினமும் ரிப்போர்ட் பச்சையாகத்தான் வந்தது. சொன்ன பன்னிரண்டையும் எடுத்துவிட்டேன் என்று அது உண்மையைத்தான் சொன்னது. வெளுத்ததெல்லாம் பால் என்று அதை அச்செடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்தவள் இவள். எட்டு மாதம்.

இரண்டு மணிக்குப் பூஜை. கற்பூரம் காட்டும் முன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலைவரை எதுவும் ஓடக் கூடாது, சர்வர் உட்பட. ஜெனரேட்டருக்குக்கூட மாலை போட்டாயிற்று. போன வருடம் இப்படி நிறுத்தி எழுப்பியபோது டிஸ்க் ஒன்று எழுந்திருக்கவேயில்லை. அதற்கு பேக்கப் இருந்தது, பிழைத்தார்கள். இந்த முறை படுத்துக்கொள்வது டூல் ரூமுடையதாக இருந்தால்? இப்போதே காப்பியைத் தொடங்கினாலும் ஆறு மணி நேரம் ஆகும்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. நாளை எல்லாம் ஒழுங்காக எழுந்துவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. தெரிந்தாலோ, சொந்த ஊரான கல்லாவிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். பத்து நிமிடம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் சர்வர் ரூம் என்பதே டூல் ரூமின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்ததுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேன் திம்மப்பன் மில்லிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்த அச்சுகளின் வரைபடம் மொத்தமும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சும்மா இருப்பது? டூல் ரூமைப் பட்டியலில் திரும்பச் சேர்த்து, காப்பியை ஓடவிட்டு எழுந்து போனாள்.

"அண்ணா, உங்க டிஸ்க்கு எட்டு மாசமா பேக்கப்புல இல்லீங்கண்ணா. நாந்தான் எடுத்து வச்சன். திருப்பிச் சேக்க மறந்துட்டன்."

திம்மப்பன் துடைப்பதை நிறுத்தினார். "டெய்லி கையெழுத்து போடறியே."

"ஆமாங்கண்ணா."

"படிச்சிப் பாக்காமயா?"

"பச்சையா இருந்துச்சு. போட்டன்."

அவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. "நான் ஒரு பீஸ அளந்து பாக்காம பாஸ் பண்ணன்னா நீ ஒத்துக்குவியா?" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சாயங்காலம்வரை கரன்ட் வேண்டும் என்பதை மட்டும் சொல்லி முடித்தாள்.

துணியை உதறிப் போட்டுவிட்டு அவர் எலக்ட்ரீஷியன் இளம்பரிதியிடம் போனார். சர்வர் ரூமுக்கு வயர் வருவது டூல் ரூம் பேனலிலிருந்து.

"எங்க பேனல மட்டும் உட்டுட்டு மத்ததையெல்லாம் எறக்கு."

"அப்ப உங்க பூஜைங்கண்ணா? ரெண்டரையோட நல்ல நேரம் முடியுது."

"கரன்ட் ஓடறப்ப சூடம் காட்டுவாங்களா? நாங்க அப்பறம் பண்ணிக்கறம்."

இத்தனை வருடமும் கம்பெனியின் முதல் கற்பூரம் டூல் ரூமில்தான். வினோதா ஆனந்தராஜுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "ரிப்போர்ட்டு பச்சையாத்தான இருக்குது? நீயா போய் எதுக்கும்மா சொன்ன?" என்றவர், நாளைக்குப் பேசிக்கலாம் என்று வைத்துவிட்டார். அந்த நாளைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இரண்டு மணிக்கு ஷெட் முழுக்க ஓசை அடங்கியது. மணி அடித்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலத்தோடு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். டூல் ரூம் ஆட்கள் பதினொரு பேர் மட்டும் புதுச்சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திம்மப்பன் மட்டும் அரை மணிக்கொரு தடவை கதவைத் திறந்து, "எவ்ளோ?" என்பார். எத்தனை சதவீதம் முடிந்தது என்று அவள் சொல்வாள். கதவு மூடிக்கொள்ளும்.

ஐந்து மணிக்கு அவர் உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஒண்ணுலருந்து படி."

"அண்ணா, உங்களது இன்னும் முடியல. தொண்ணூறுதான்."

"தெரியுது. நீ ஒண்ணுலருந்து படி."

அவள் படிக்கத் தொடங்கினாள். "ஒண்ணு, அக்கவுண்ட்ஸ், முடிஞ்சுது. ரெண்டு, ஸ்டோர்ஸ், முடிஞ்சுது. மூணு, குவாலிட்டி..." ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். கதவு திறந்தே இருந்தது. வெளியே பேச்சு நின்று, ஒவ்வொருவராக எழுந்து கண்ணாடியோரம் வெறுங்காலோடு வந்து நின்றார்கள். ஏற்றாத கற்பூரத்தோடு ஒருவர் கையில் தட்டு இருந்தது. பன்னிரண்டைப் படித்து முடித்தாள். நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள். "பதிமூணு, டூல் ரூம், இன்னும் ஓடுது."