ஊசியம்மா தேடிய சக்களத்தி

தன் புருஷனுக்குத் தானே ஒரு சக்களத்தியைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவள், உலகம் தோன்றிய நாளிலிருந்து ஊசியம்மா ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். சக்களத்தி என்று அவள் சொன்னது ஒரு தகரப் பெட்டியை. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் ஒரு ஸ்பீக்கர், பின்னால் ஒரு கேபிள். கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிப்பது அதன் வேலை. ஊசியம்மாவின் கணவருக்குப் பார்வை கிடையாது. கல்யாணத்துக்கு மறு வருஷம் வந்து சேர்ந்த பெட்டி, அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாக இருந்தது.

அவர் பார்த்த வேலை அப்படி. தடித்தடிப் புத்தகங்களின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் அச்சடித்திருப்பார்களே, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பவர். புத்தகம் முழுவதையும் பெட்டி படிக்கும், அவர் காதால் மேய்ந்து குறித்துக்கொள்வார். அது ஆங்கிலத்துக்கென்று பிறந்த பெட்டி. தமிழை ஆங்கில எழுத்தில் மாற்றி ஊட்டினால், வாய் நிறையக் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு படிக்கும். அதுவும் சாதாரண வேகத்திலா? தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற வேகம். ஒருமுறை வீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட மச்சினர், மிக்ஸி வெடிக்கப் போகிறது என்று செருப்பை விட்டுவிட்டுத் தெருக்கோடி வரை ஓடியிருக்கிறார். ஊசியம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் அதில் ஒரு சொல்லும் புரிந்ததில்லை. அவர் மட்டும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் கருகல் வாடை வந்தது. பெட்டி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது.

புதுக் குரல்கள் எத்தனையோ இருக்கின்றன என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். எல்லாம் தேன் குழைத்த குரல்கள். மூச்சு விட்டு, ஏற்றி இறக்கிப் படித்தன. வேகத்தைக் கூட்டினால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன.

"காதலிக்கிற மாதிரி படிக்கிறா," என்றார் அவர். "நான் என்ன காதலிக்கவா உட்கார்ந்திருக்கேன்?"

அப்போது கையில் இருந்தது பாலம் கட்டுவதைப் பற்றிய புத்தகம். அதையே குறுக்கே போட்டால் ஒரு ஓடையைத் தாண்டலாம், அவ்வளவு தடிமன். ஊசியம்மா தானே படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். மாலையில் ஆரம்பித்தால் விளக்கு போடும்வரை படிப்பாள். சில சொற்களில் தடுக்கி விழுவாள். அவர் நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்பார். சில சமயம் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். பெட்டி வந்த நாளிலிருந்து அவருடைய காது அவளுக்கு இப்படி முழுசாகக் கிடைத்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட அந்தப் பெட்டி ஓரத்தில் கடகடத்துக்கொண்டிருக்கும். இப்போது அவர் தலையைச் சாய்த்தது அவள் பக்கம். மாலை எப்போது வரும் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். வெளியில் சொல்லவில்லை.

"நல்லாத்தான் படிக்கிற," என்பார் அவர். அந்த 'தான்' அவளுக்கு உறைக்காமல் இல்லை.

பிறகு ஒரு நாள் அவர் பதிப்பகத்தாரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. இந்த வேகத்தில் படித்தால் கெடுவுக்குள் முடியாது, இந்தப் புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், இனிமேல் எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று, பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாமென்று சொல்வதுபோல் சொன்னார். வைத்துவிட்டு, வெற்று மேஜையைத் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் ஊசியம்மா போனை எடுத்துப் பதிப்பகத்தாரிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பழைய சாமான் கடைகள், ரிப்பேர் கடைகள் எல்லாம் சலித்து, கடைசியில் குடோன் என்று பட்டப்பெயர் கொண்ட ஒருவரிடம் போய் நின்றாள். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சேர்ப்பதே அவர் பிழைப்பு, அவர் பைத்தியம், அவர் குடும்பம். மாடி வீட்டில் மானிட்டர்கள் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தன. கீபோர்டுகள் கொடியில் துண்டுபோல் தொங்கின. கரப்பான்பூச்சிகூட அங்கே பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கும். அதே பெட்டி அவரிடம் இருந்தது. விலையைச் சொல்வதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளை, பெண்ணைக் கொடுக்கிற தகப்பன்கூடக் கேட்கமாட்டான். வீட்டில் தூசி உண்டா, ஈரம் உண்டா, யார் கையாளுவார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தானே வந்து இறக்கினார்.

கேபிளை மாட்டினார்கள். பெட்டி பேசியது. கணவர் தலையைச் சாய்த்தார். வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். பிறகு நிறுத்திவிட்டார்.

"இவ அவ இல்ல," என்றார்.

"அதே பெட்டிதான் சார்," என்றார் குடோன்.

"பெட்டி அதேதான். இது அவளோட தங்கச்சி. நாகரிகம் கத்துக்கிட்டா. சொல்லோட வாலை முழுங்குறா."

குடோன் இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தார். கணவர் சொன்னது சரி. குரல் இருப்பது பெட்டியில் அல்ல, உள்ளே ஒரு சிப்பில். புதிதாக வந்தது பிற்பாடு திருத்திச் செய்த சிப். செத்துப்போன பெட்டியில் எரிந்தது மின்சாரப் பகுதி மட்டும்தான். பழைய குரல் அதற்குள் இன்னும் பத்திரமாக இருக்கலாம். அதைப் பிடுங்கி இந்த உடம்பில் பொருத்திவிட்டால் போதும்.

ஆனால் அந்தச் சிப்புக்கு இரண்டு பக்கமும் பூரான்போல் கால்கள். பல வருஷச் சூட்டில் சாக்கெட்டோடு இறுகிப்போயிருந்தன. ஒரு கால் அடியோடு ஒடிந்தால் குரல் போனதுதான்.

"நான் தொடமாட்டேன் அக்கா," என்றார் குடோன். "என் கையைப் பாருங்க, இப்பவே ஆடுது."

ஊசியம்மா கைகழுவிக்கொண்டு வந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தே பெயர் வாங்கி ஓய்வுபெற்றவள். பஞ்சை ஒட்டிவிட்ட பிறகும், எப்போது குத்துவீர்கள் என்று கேட்டபடி சாயங்காலம்வரை கையை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. மெல்லிய ஸ்க்ரூடிரைவரை சிப்பின் ஒரு ஓரத்தில் நுழைத்து, மயிரிழை தூக்கினாள். மறு ஓரத்தில் மயிரிழை. கணவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடோன் பார்க்கத் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சிப் வெளியே வந்தது. மூலையில் ஒரு கால் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது.

அந்த அறையில் பார்க்கிற கண் அவளுடையது மட்டும்தான். மடங்கிய காலை நிமிர்த்தும்போது கொஞ்சம் வேகமாக நிமிர்த்தினால் போதும். ஒடிந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? பழசு, துரு என்பார்கள். மாலை வரும். அவள் படிப்பாள். நல்லாத்தான் படிக்கிற என்பார்.

கை நின்றுவிட்டது. 

"என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒரு கால் மடங்கியிருக்கு."

"நிமிர்த்திடலாமா?"

"பேசாம இருங்க," என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் கொஞ்சம், ஊசி முனையால் கொஞ்சம், குழந்தையின் விரலைப் பிரிப்பதுபோல் அந்தக் காலை நிமிர்த்தினாள். புதுப் பெட்டியின் சிப்பை எடுத்துவிட்டு, இதை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். எல்லாக் கால்களும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கின.

பெட்டி கூழாங்கல் வாயைத் திறந்தது. கணவர் வேகத்தை ஏற்ற ஏற்ற, அறை முழுக்க ஆலங்கட்டி மழை. குடோன் ஒரே மூச்சில் அழுத கண்ணீரைப் பிடித்திருந்தால் ஒரு குடம் நிறைந்திருக்கும். கணவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தலை சாய்ந்தது, பெட்டியின் பக்கம். ஊசியம்மா அதைப் பார்த்துவிட்டு, குடோனை வழியனுப்பினாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

மழை சட்டென்று நின்றது.

"எங்க போன? வந்து உட்காரு."

போய் உட்கார்ந்தாள். அவர் எதையோ அழுத்தினார். பெட்டி ஒவ்வொரு சொல்லாக, குடித்துவிட்டு வீடு தேடுகிறவன்போல் தள்ளாடித் தள்ளாடிப் படித்தது. பாலத்தைத் தாங்கும் தூணின் தலையில் இரும்பு உருளை வைப்பார்களாம். வெயிலில் பாலம் நீளும்போது உடையாமல் அசைவதற்காக. அந்தக் குரல் சொன்னது அவளுக்கு முதன்முதலாகப் புரிந்தது.

"இவ்வளவு மெதுவா நானே கேட்டதில்ல," என்றார் அவர். "கொடுமையா இருக்கு. சரி சொல்லு, இதை எந்தத் தலைப்புல போடலாம்? உருளைன்னு போடவா?"

அவள் யோசித்தாள்.

"உருளைன்னு யாரு தேடுவா? பாலம் ஆடுதேன்னு பயந்தவன்தான் இந்தப் பக்கத்தைத் தேடி வருவான். 'ஆட்டம்'னு போடுங்க."

"அது நடனப் புத்தகத்துல போடுறது."

"உங்களுக்குப் பயம் வந்ததில்ல, அதான்."

 அவர் 'ஆட்டம்' என்று அடித்தார். பக்க எண்ணைச் சேர்த்தார். அடுத்த பத்தியைப் படிக்கவிட்டார். வேகத்தைக் கூட்டவில்லை.