வலப்பக்கம் பிடிங்க

"கையை இறுக்கிப் பிடிங்கப்பா. இப்படித் தொங்கினா நான் எப்படி ஏறுறது?" என்றான் அவ்வாத்.

முதுகிலிருந்து பதிலில்லை. சீலோவாம் ஊற்றில் வெள்ளிக்கிழமைக் குளியலை முடித்துக்கொண்டு குடியிருக்கும் குகைக்கு ஏறுகிற பாதை. எட்டு மாதமாக ஏறி இறங்குகிற பாதைதான், இன்றைக்கென்று அப்பா கனத்தார். வெயில் வேறு. "எனக்கும் உடம்புதானே இது? நான் என்ன கழுதையா?" என்று வாய் தவறி அதையும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகும் நாற்பது அடி ஏறினான்.

குகை வாசலில் குந்தி, வழக்கம்போல அவரை வலப்பக்கமாகச் சரித்து இறக்கினான். இடது இடுப்பில் கை பட்டால் ஊரைக் கூட்டுவார். இன்றைக்கு முனகக்கூட இல்லை, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் மனைவி ஹமாமா மாவு பிசைந்த கையோடு ஓடி வந்து மாமனாரின் மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரபு தேசத்துச் சனாவிலிருந்து புறப்பட்டபோது அப்பா சாலிஹுக்கென்று ஒரு கழுதை இருந்தது. துறைமுகத்துக்கு இறங்குகிற மலைப்பாதையில் அது இடறி விழுந்ததில் கிழவரின் இடது இடுப்பு போயிற்று. அன்று முதல் மகன்தான் வாகனம். ஹமாமாவின் சால்வையைத் தூளியாகக் கட்டிக்கொண்டு கப்பலேறி, கப்பலிறங்கி, யாஃபாவிலிருந்து எருசலேம் மலை வரை சுமந்து வந்தான். தினம் மூன்று வேளை எந்த ஊரைப் பார்த்துத் தொழுதார்களோ அந்த ஊர், வந்து நின்றவர்களைப் பார்த்து "நீங்க நிஜமாவே யூதங்கதானா?" என்று கேட்டது. கறுத்த தோலையும் காதோரச் சுருள்முடியையும் பார்த்துவிட்டு ஒருத்தரும் குடியிருக்க இடம் கொடுக்கவில்லை. கடைசியில் இந்தக் குகைதான் கிடைத்தது.

சாலிஹுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வாசலில் உட்கார்ந்தால் மேலே ஒலிவமலைக் கல்லறைகள் தெரிந்தன, அவருக்கு அது போதும். "கடைசியா ஒரே ஒரு தடவை என்னை அங்க கொண்டு போய் இறக்கிடு. வேற யாரையும் தொட விடாதே. உன் கைக்குத்தான் என் இடுப்பு பழக்கம்" என்பார். அவ்வாத் சரியென்பான். அந்த நாள் சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று மனசுக்குள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறான். போதும் போதுமென்று ஆகியிருந்தது அவனுக்கு.

இப்போது ஒன்றுதான் அவனை அறுத்தது. கழுதையா என்று கேட்டபோது அப்பா உயிரோடு இருந்தாரா, இல்லையா? குழியில் இறக்கும்போது காதருகே குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதுவரை இதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று முடிவு செய்தான்.

இந்த ஊரில் பிணத்தை இரவு தங்க வைக்க மாட்டார்கள். போதாததற்கு, பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள், புதைக்க முடியாது. மதியத்துக்கெல்லாம் நகரத்திலிருந்து அடக்கம் செய்கிறவர்கள் நாலு பேர் பாடையோடு வந்துவிட்டார்கள். குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். அவர்களில் பெரியவர் மெர்காதோ, துக்கத்துக்கு அடையாளமாக அவ்வாதின் சட்டையைக் கழுத்தருகே கீறிக் கிழித்தார். மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை வாசலிலேயே சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, அவ்வாத் பாடையின் முன்பக்கக் கம்பைப் பிடிக்கக் குனிந்தான். அந்தக் கையின் மேல் மெர்காதோ தன் கையை வைத்தார்.

"நீ வரக் கூடாது தம்பி."

"நாங்க யூதங்கதான்னு இன்னும் நம்பலையா?"

"அது இல்ல. இந்த ஊர்ல தகப்பன் பாடைக்குப் பின்னால பிள்ளைங்க போறதில்ல. மீறினா ஊர்விலக்கு. எங்கப்பாவுக்கும் நான் வாசலோட நின்னவன்தான்."

"சனாவுல அப்படிக் கிடையாது."

"இது சனா இல்லையே."

மெர்காதோ அதட்டவில்லை. எத்தனை வாசலில் இதைச் சொல்லியிருப்பாரோ, குரல் அலுத்துக் கிடந்தது.

"அங்கேருந்து தூக்கிட்டு வந்தவன் நான்" என்றான் அவ்வாத்.

"தெரியும். ஊரே பாத்துச்சு. ஆனா நீ ஒரு அடி கூட வந்தாலும் பாடையை இங்கேயே வெச்சிட்டு நாங்க போக வேண்டியதுதான்."

வெயில் குகைச் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வாதுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஊருக்கா இவ்வளவு தூரம் சுமந்தோம் என்று இருந்தது. இருந்தும் கம்பை விட்டான்.

பாடையைத் தூக்கியதும் உடல் ஒரு பக்கம் நழுவியது. அதைச் சரிசெய்ய ஒருவன் இடது இடுப்புக்கடியில் கையை நுழைத்தான்.

"இடது பக்கம் தொடாதீங்க, வலப்பக்கம் பிடிங்க. அவருக்கு வலிக்கும்" என்றான் அவ்வாத்.

கையை நுழைத்தவன் மெர்காதோவைப் பார்த்தான். பிணத்துக்கு வலியாவது என்று கேட்கத்தான் பார்த்திருப்பான். மெர்காதோ சிரிக்கவில்லை. "சொல்றான்ல. வலப்பக்கம் வா" என்றார். பிறகு அவ்வாதிடம், "குழியிலயும் அப்படியே இறக்குறேன். நானே பிடிக்கிறேன். வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவ்வாதுக்கு அந்த மன்னிப்பு வாய் வரை வந்தது.

"ஒண்ணுமில்ல. மெதுவா இறக்குங்க."

அவர்கள் ஏறினார்கள். அவன் வாசலிலேயே நின்றான். வளைவில் மறைந்து மறுபடி மேலே தெரிந்தபோது பாடை கைக்குட்டை அளவுக்குச் சிறுத்திருந்தது. அதைக் கீழே வைத்தார்கள். ஒருவர் மட்டும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்க் குந்தினார்.

பக்கத்துக் குகைக்காரர்கள் கொடுத்தனுப்பிய பருப்பும் முட்டையும் வைத்த தட்டோடு ஹமாமா அவனருகே வந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை நினைவுபடுத்தினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, எதுக்கு இப்படிக் குனிஞ்சு நிக்கிறீங்க?"

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. உடம்பு முன்னால் வளைந்திருந்தது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.

"இரு. அவர் இறங்கட்டும்" என்றான்.